டிகிரி இல்லாமல் 12 வருடம், டிகிரியோடு 6 வருடம்

அந்த விண்ணப்பத்தை இரவு 11.40-க்கு அனுப்பினேன். 11.42-க்குப் பதில் வந்துவிட்டது. ‘உங்கள் விவரங்களைக் கவனமாகப் பரிசீலித்தோம். இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை.’ இரண்டு நிமிடத்தில் என்ன கவனம், என்ன பரிசீலனை? அப்போது எனக்கு ஒன்பது வருட அனுபவம். விளம்பரத்தில் கேட்டிருந்தது, வரிக்கு வரி, அன்று பகலில் நான் செய்துவிட்டு வந்த அதே வேலை.

எங்கே அடிபட்டேன் என்று எனக்குத் தெரியும். படிவத்தின் மூன்றாவது பக்கத்தில் ‘அதிகபட்சக் கல்வித் தகுதி’ என்று ஒரு கட்டம். அதைத் தட்டினால் பட்டியல் கீழே இறங்கும்: பள்ளிப் படிப்பு, பட்டயம், இளநிலைப் பட்டம், முதுநிலைப் பட்டம், முனைவர் பட்டம். ஆறு பருவத்தில் ஐந்தை முடித்துவிட்டு நின்றவனுக்கு அதில் இடமில்லை. மனசாட்சிப்படி ‘பள்ளிப் படிப்பு’ என்று தேர்ந்தெடுத்தேன். அதோடு கதை முடிந்தது. அடுத்த பக்கத்தில் நான் பார்த்துப் பார்த்து எழுதியிருந்த அனுபவ விவரத்தை எந்த மனிதக் கண்ணும் பார்த்திருக்காது.

அந்தக் கட்டத்தில் பிறகு ‘இளநிலைப் பட்டம்’ என்று போடும் நிலைக்கு வந்தேன். அதற்கும் பிறகு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கும் வேலையும் வந்தது. மூன்று இடத்திலும் நின்று பார்த்ததால் எழுதுகிறேன். ‘டிகிரி படித்தால் வேலை கிடைக்குமா’ என்று யாராவது கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. யாரிடம் வேலை கேட்கப் போகிறீர்கள், உங்களைத் தெரிந்தவரிடமா தெரியாதவரிடமா என்று திருப்பிக் கேட்பேன்.

எனக்கு முதல் வேலை கொடுத்தவர் என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், கடைசிப் பருவத்தில் கல்லூரிக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். ‘ஆறு மாசம் வேலை பார்த்துட்டுத் திரும்பி வந்து எழுதிடலாம்’ என்பதுதான் திட்டம். அலுவலகங்களுக்குக் கணினி பராமரித்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் அது. உள்ளே போனதும் முதலாளி மேசை மேல் ஒரு கணினியை வைத்தார். “இது உயிரே வர மாட்டேங்குது. பாத்துச் சொல்லுங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனில் யாரிடமோ சத்தம் போடப் போய்விட்டார்.

பொத்தானை அழுத்தினால் மின்விசிறி சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை. உள்ளிருந்து ‘பீப், பீப், பீப்’ என்று விட்டு விட்டு ஒலி. மூடியைக் கழற்றி நினைவகப் பலகையை எடுத்துப் பார்த்தேன். அதன் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்கப் பூச்சுத் தொடுப்புகள் மங்கிப் போயிருந்தன. அவர் மேசையில் கிடந்த பென்சில் அழிப்பானை எடுத்து, அந்த விளிம்பை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்தேன். தூளை ஊதிவிட்டு, ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை அழுத்திச் செருகினேன். திரை எரிந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவர் திரும்பிப் பார்த்து, “நாளைக்கு ஒன்பதுக்கு வந்துடுங்க” என்றார். இன்டர்வியூ அவ்வளவுதான்.

அங்கே ஒன்பது வருடம் இருந்தேன். ஒரே அறையில் இருந்த நிறுவனம் இரண்டு மாடிக்கு வளர்ந்தது. சர்வர்கள், தரவுத்தளம், வாடிக்கையாளர்களின் கணக்கு மென்பொருள் எல்லாம் என் பொறுப்புக்கு வந்தன. அந்தக் காலம் முழுக்க டிகிரி என்ற சொல்லே எங்கள் பேச்சில் வந்ததில்லை. ஏன் வர வேண்டும்? நான் என்ன செய்வேன், எங்கே சொதப்புவேன் என்பது முதலாளிக்குத் தெரியும். ‘திரும்பிப் போய் எழுதணும்’ என்ற எண்ணம் முதல் வருடம் உறுத்தியது, மூன்றாவது வருடம் மங்கியது, ஐந்தாவது வருடம் காணாமல் போனது. “படிப்பெல்லாம் சும்மாப்பா, கைத்தொழில்தான் முக்கியம்” என்று புதிதாகச் சேரும் பசங்களிடம் நானே சொல்லித் திரிந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அப்புறம் நிறுவனத்தைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. பழைய முதலாளி பணத்தை வாங்கிக்கொண்டு விலகினார். புது மனிதவளத் துறை ஒரு அட்டவணையோடு வந்தது. எந்தப் பதவிக்கு எந்தப் படிப்பு, எந்தப் படிப்புக்கு எந்தச் சம்பளப் படி என்று கட்டம் கட்டமாக. என் பெயர் எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை. நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் எனக்கு மேலதிகாரியானான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல பையன். “அண்ணா, எனக்கே ஒரு மாதிரியா இருக்கு” என்று அவனே வந்து சொன்னான். மனிதவளத் துறை ஆட்களைத் திட்டவும் மனம் வரவில்லை. ஆயிரக்கணக்கான ஊழியர்களில் நான் ஒரு வரி. அந்த வரியில் ஒரு கட்டம் காலி. அவர்கள் பார்த்தது அதைத்தான்.

ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருடமாக நான் டிகிரி இல்லாமல் சமாளித்துவிட்டதாக நினைத்திருந்தேன். சமாளித்தது நானில்லை. என்னைத் தெரிந்த ஒரு மனிதரின் நிழலில் இருந்திருக்கிறேன். அவர் எழுந்து போனதும் வெயில்.

வெளியே வேலை தேட ஆரம்பித்தேன். முதல் பத்தியில் சொன்ன இரண்டு நிமிடக் கதை அந்த வருடத்தில் எத்தனையோ முறை நடந்தது. நேரில் பேச முடிந்த இடங்களில் மட்டும் இரண்டாவது சுற்றுவரை போனேன். அந்த இடங்கள் எல்லாமே யாரோ ஒரு பழைய வாடிக்கையாளர் சொல்லிவிட்டதால் திறந்தவை.

அந்தச் சமயத்தில்தான் இதைப் பற்றிப் பொருளாதார ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். இரண்டு கட்சி இருக்கிறது. கேரி பெக்கர் 1964-ல் விரிவாக எழுதிய பார்வை ஒன்று: படிப்பு என்பது மனிதனுக்குள் போடும் முதலீடு, அது திறமையைக் கூட்டுகிறது, கூடிய திறமைக்குச் சம்பளம் கூடுகிறது. இன்னொன்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் எழுதிய கட்டுரை. வேலை கொடுப்பவருக்கு எதிரே நிற்பவரின் திறமை கண்ணுக்குத் தெரியாது. அதனால் தெரிகிற ஏதோ ஒன்றை அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். திறமைசாலிக்குப் பட்டம் வாங்குவது சற்று எளிது, மற்றவருக்குச் சிரமம். அதனால், படிப்பு ஒன்றுமே கற்றுத் தராவிட்டாலும்கூட, பட்டம் ஆளை அடையாளம் காட்டிவிடும் என்பது அவர் வாதம். பெக்கருக்கு 1992-ல் நோபல் கிடைத்தது, ஸ்பென்ஸுக்கு 2001-ல், வேறு இருவரோடு சேர்த்து. ஆக, இரண்டு கட்சிக்கும் பரிசு கொடுத்துத் தப்பித்துக்கொண்டார்கள்.

என்னைக் குத்திய தகவல் வேறு. படிப்பு திறமையைத்தான் கூட்டுகிறது என்றால், ஒவ்வொரு வருடப் படிப்புக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஏற வேண்டும். ஹங்கர்ஃபோர்ட், சோலன் என்ற இருவர் 1987-ல் அமெரிக்கத் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, பட்டம் கைக்கு வரும் அந்தக் கடைசி வருடத்தில் சம்பளம் மற்ற வருடங்களைவிடக் கூடுதலாகத் துள்ளுவது தெரிந்தது. பழைய காலத்தில் சான்றிதழை ஆட்டுத் தோலில் எழுதிக் கொடுப்பார்களாம். அதனால் இதற்கு ‘ஆட்டுத்தோல் விளைவு’ என்று பெயர். நான் ஆறில் ஐந்து பங்கு படித்தவன். ஆட்டின் தோல் மட்டும்தான் பாக்கி. ஆனால் காசு தோலில்தான் இருந்திருக்கிறது.

ஆகவே படிப்பைப் பாதியில் நிறுத்தலாமா என்று யோசிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். நிறுத்துவதானால் முதல் வருடத்திலேயே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முடித்துவிடுங்கள். கட்டணமும் கட்டி, வருடங்களும் போய், கையில் தாளும் இல்லாமல் வெளியே வருவதைப் போல நஷ்டமான வழி வேறில்லை. வீட்டு நிலைமையால் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், நான் நின்ற மாதிரி. கல்லூரி அலுவலகத்தில் எழுத்து மூலம் இடைவிடுப்பு கேளுங்கள். பதிவு செய்ததிலிருந்து எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு எதுவென்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதுவரை முடித்த பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களை அன்றைக்கே கையில் வாங்கிவிடுங்கள். ஒன்பது வருடம் கழித்து நான் போய் நின்றபோது என் கெடு முடிந்து பல காலம் ஆகியிருந்தது. பாடத்திட்டமும் இரண்டு முறை மாறிவிட்டது. “ஒண்ணும் செய்ய முடியாது சார், முதல்ல இருந்துதான்” என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர். ஐந்து பருவமும் ஆவியாகிப் போயின.

முப்பது வயதில் தொலைதூரக் கல்வியில் முதலாம் ஆண்டு. மனைவி சிரிக்கவில்லை, அதற்கே அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன். எங்கள் குழுவில் 23 பேர் ஆரம்பித்தோம், 9 பேர் முடித்தோம். நின்று போனவர்கள் யாரும் மந்தமானவர்கள் இல்லை. முதல் பருவத் தேர்வு நேரத்தில் அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காமல் இரண்டு தாள் போகும். அடுத்த பருவத்தில் நான்கு சேரும். அப்புறம் ஏழு. அரியர் என்பது கடன் மாதிரி, வட்டி போடும். அதனால் தேர்வு அட்டவணை வந்த அன்றே, வேறு எதற்கும் முன்னால், அந்த நாட்களுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன். காலை ஐந்திலிருந்து ஆறரைவரை படிப்பு. இரவில் படிக்கலாம் என்று திட்டம் போட்டவர்கள்தான் அதிகம் நின்று போனார்கள். அலுவலகத்தில் ஒரு சர்வர் படுத்துவிட்டால் இரவு போயே போச்சு. விடியற்காலையை யாரும் கேட்டு வருவதில்லை.

சேர்வதற்கு முன் செய்த ஒரு காரியம் பெரிய உபத்திரவத்திலிருந்து காப்பாற்றியது. எனக்குப் பிடித்த 30 வேலை விளம்பரங்களை எடுத்து, படிப்பைப் பற்றி ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதினேன். 22 விளம்பரங்கள் ‘ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம்’ என்றன. 5 குறிப்பாகக் கணினிப் படிப்பு கேட்டன. 3 மட்டும்தான் படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. தொலைதூரப் படிப்பு ஆகாது என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் ‘அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம்’ என்று பெரும்பாலானவை சொல்லியிருந்தன. உடனே நான் சேர நினைத்த இடத்தின் அங்கீகாரத்தை அரசின் அதிகாரபூர்வப் பட்டியலில் தேடினேன். பல்கலைக்கழகத்துக்கு இருந்தது. நான் எடுக்க நினைத்த அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இல்லை! விளம்பரக் கையேட்டில் அது எங்கேயும் தெரியாது. வேறு இடம் பார்த்தேன். ஒரு மாலை நேரம் செலவழித்தால் தெரிந்துவிடும் இந்த விஷயத்தைப் பார்க்காமல் மூன்று வருடத்தைக் கொடுத்தவர்களை அப்புறம் சந்தித்திருக்கிறேன்.

தாளுக்காகத்தான் போனேன் என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் பெக்கர் கட்சியும் முழுப் பொய் இல்லை என்று காட்டிய ஒரு சம்பவம் உண்டு.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் மாதக் கடைசியில் கணக்கு மென்பொருள் உறைந்து போகும். இரண்டு வருடமாக இதே கதை. இரவு பதினொரு மணிக்குப் போன் வரும், நான் உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்ப ஓட்டுவேன். சரியாகிவிடும், அடுத்த மாதக் கடைசிவரை. இரண்டாம் ஆண்டில் இயங்குதளம் பற்றிய பாடம். ஒரு விடியற்காலையில் ‘முட்டுக்கட்டை’ என்ற அத்தியாயம். இரண்டு நிரல்கள் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு இரண்டுமே நகராமல் நின்றுபோகும் நிலை. அது வருவதற்கு நான்கு நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும் என்று 1971-ல் காஃப்மனும் அவர் கூட்டாளிகளும் எழுதியிருக்கிறார்கள். ஒரு வளத்தை ஒருவர்தான் பிடிக்க முடியும், பிடித்ததை விடாமல் இன்னொன்றுக்குக் காத்திருக்க வேண்டும், பிடுங்க முடியாது, காத்திருப்பு வட்டமாகச் சுற்றி வர வேண்டும். நான்கில் எதையாவது ஒன்றை உடைத்தால் போதும், முட்டுக்கட்டை வராது.

புத்தகத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். மாதக் கடைசியில் மட்டும் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று கணக்குக் கோப்பைப் பூட்டிவிட்டுச் சரக்குக் கோப்புக்குக் காத்திருக்கும். இன்னொன்று சரக்குக் கோப்பைப் பூட்டிவிட்டுக் கணக்குக் கோப்புக்குக் காத்திருக்கும். இரண்டும் முதலில் கணக்கு, அப்புறம் சரக்கு என்று ஒரே வரிசையில் பூட்டும்படி ஆறு வரிகளை இடம் மாற்றினேன். வட்டம் உடைந்தது. அதற்குப் பிறகு அந்தப் போன் வரவே இல்லை. இரண்டு வருடமாகக் கையால் தடவிக்கொண்டிருந்த ஒன்றுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது, மருந்தும் இருந்திருக்கிறது, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே.

இதைப் பட்டம் இல்லாமலே படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். படித்திருக்கலாம்தான். அந்தப் புத்தகம் எல்லா நூலகத்திலும் இருக்கிறது. ஆனால் தேர்வு என்று ஒன்று கழுத்தைப் பிடிக்காமல் நான் அதைத் திறந்திருப்பேனா? ஒன்பது வருடம் திறக்கவில்லை என்பதுதான் உண்மை. புள்ளியியலும் இதே மாதிரிதான் உதவியது. மற்றபடி பாதிப் பாடங்கள் தேர்வோடு மறந்து போயின. அதில் வருத்தமுமில்லை.

பட்டம் வந்தது. எந்தச் சடங்குக்கும் போகவில்லை, தபாலில் வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பழைய மாதிரியே ஒரு படிவம், அதே கட்டம், ‘இளநிலைப் பட்டம்’. நான்கு நாளில் ஒரு மனுஷி போன் செய்தார். பேசிய அரை மணி நேரமும் என் வேலை அனுபவத்தைப் பற்றித்தான். சேர்ந்த அன்று சான்றிதழை ஸ்கேன் செய்து வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பட்டத்தைப் பற்றி அங்கே அதற்குப் பிறகு யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கதவைத் திறந்துவிட்டு அது வெளியிலேயே நின்றுகொண்டது.

அந்த வேலையில் சேரும்போது பட்டத்தைவிட என்னைத் திணறடித்தது அனுபவத்துக்கான சான்றுதான். பழைய நிறுவனம் கைமாறியதில் முதல் ஒன்பது வருடத்துக்கான கோப்புகள் எங்கேயோ போய்விட்டன. பின்னணிச் சரிபார்ப்புக்காரர்கள் கேட்டபோது சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், வரித் தாக்கல் எல்லாவற்றையும் தேடி ஒட்டவைக்க வேண்டியிருந்தது. பட்டம் இல்லாதவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். உங்கள் அனுபவம்தான் உங்கள் சொத்து என்றால் அதற்குப் பத்திரம் வேண்டாமா? விலகும் நாளிலேயே, பதவியும் தேதியும் செய்த வேலையும் எழுதிய கடிதத்தை வாங்குங்கள். இன்னொன்று, கட்டத்தில் பொய் போடாதீர்கள். என்னோடு அதே வாரம் தேர்வான ஒருவர் முடிக்காத படிப்பை முடித்ததாக எழுதியிருந்தார். அருமையான வேலைக்காரர். சரிபார்ப்பு அறிக்கை வந்த அன்று மதியமே அவர் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. உண்மையை எழுதியிருந்தால் இன்டர்வியூ கிடைத்திருக்காது என்பார். இருக்கலாம். ஆனால் பொய்யை எழுதியதால், அவரை நேரில் பார்த்துப் பிடித்துப்போனவர்களும் அவருக்காகப் பேச முடியாமல் போனது.

சரி, இப்போது அந்தப் பக்கம்.

சேர்ந்து மூன்றாவது வருடம் என் அணிக்கு ஓர் ஆள் எடுக்கச் சொன்னார்கள். ஒரே இடம், 340 விண்ணப்பம். வெள்ளிக்கிழமை மாலை, திங்கட்கிழமை காலைக்குள் பத்துப் பெயர் வேண்டும். முதல் இருபதை ஒழுங்காகப் படித்தேன். இருபத்தொன்றாவதில் கண் எரிந்தது. திரையின் இடது ஓரத்தில் வடிகட்டுவதற்கு ஒரு சிறிய சதுரம்: ‘பட்டதாரிகள் மட்டும்’. தட்டினேன். 340 என்பது 190 ஆனது. எவ்வளவு நிம்மதி!

அந்த நிம்மதி சில நொடிதான் இருந்தது. 150 பேரை ஒரே தட்டில் தள்ளிவிட்டேன். அவர்களில் எத்தனை பேர் இரவு 11.40-க்கு உட்கார்ந்து அனுப்பினார்களோ. அவர்கள் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை, அவர்கள் யாரென்றே தெரியாது. தெரியாததுதான் விஷயமே. சில வருடங்களுக்கு முன் என்னைத் தள்ளியவரும் இப்படியொரு வெள்ளிக்கிழமையில் இருந்திருப்பார் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

தட்டியதை நீக்கினேன். 340 பேருக்கும் அரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய ஒரு சிறிய வேலையை அனுப்பச் சொன்னேன்: ஒரு சர்வரின் பதிவுக் கோப்பு, அதில் பிழை எங்கே ஆரம்பித்தது என்று பத்து வரியில் எழுதுங்கள். 88 பேர் பதில் அனுப்பினார்கள். நன்றாக எழுதியவர்களில் ஐந்து பேரைக் கூப்பிட்டோம். ஐவரில் இருவருக்குப் பட்டம் இல்லை. கடைசியில் எடுத்தது பட்டம் இருந்த ஒரு பெண்ணை, அவர்தான் சிறப்பாகச் செய்தார். அதற்கடுத்த முறை எடுத்தவர் பட்டம் இல்லாதவர். ஆனால் இந்த முறையை நடத்த இரண்டு வாரம் பிடித்தது, என் மேலாளரிடம் இரண்டு முறை பேச்சும் வாங்கினேன். எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தாள் கேட்பது வேலைக்குத் தேவைதானா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம், நல்ல பிரிவுகளில் சேரப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும் என்று விதி வைத்திருந்தது. விதி வருவதற்கு முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் பலர் சான்றிதழ் இல்லாமலே அதே வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். விதியால் வெளியே நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். செய்யும் வேலையோடு தொடர்பில்லாத இப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று 1971-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வடிகட்டியைத் தட்டுபவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. விளைவு மட்டும் வந்து சேர்ந்துவிடும்.

இப்போது காற்று மாறிவிட்டது, திறமை இருந்தால் போதும் என்கிறார்களே? மாறுகிறதுதான். பென்சில்வேனியா மாநிலத்தில் 2023 ஜனவரியில் புதிய ஆளுநரின் முதல் ஆணையே, மாநில அரசு வேலைகளில் 92 விழுக்காட்டுக்கு, அதாவது சுமார் 65,000 பணியிடங்களுக்கு, நான்கு வருடப் பட்டம் தேவையில்லை என்பதுதான். ஆனால் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள தூரத்தையும் அளந்திருக்கிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இப்படி நிபந்தனையை நீக்கியதால் உள்ளே வந்த பட்டமில்லாதவர்கள், 700 பேர் சேர்ந்தால் அதில் ஒருவர்கூட இல்லை. விளம்பரத்திலிருந்து வரியை எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை தட்டும் விரல் பழையபடிதான் இருக்கிறது.

அதனால் விளம்பரத்தை நம்பாமல் ஆட்களைப் பாருங்கள். நீங்கள் போக நினைக்கும் நிறுவனத்தில், நீங்கள் கேட்கும் பதவியில், கடந்த இரண்டு வருடத்தில் சேர்ந்த பத்துப் பேரை லிங்க்ட்இன்னில் தேடிப் பாருங்கள். பத்துப் பேருக்கும் பட்டம் இருந்தால் அங்கே கொள்கை என்ன என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்று பேருக்கு இல்லை என்றால் அவர்களில் ஒருவருக்கு எழுதி, எப்படி உள்ளே வந்தீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டவர்களில் பலர் பதில் எழுதினார்கள். ஏறக்குறைய எல்லாருமே சொன்னது, தெரிந்த ஒருவர் வழியாக என்றுதான்.

சில வேலைகளில் இந்த வாதமே கிடையாது. மருத்துவம், செவிலியம் போன்றவற்றில் சட்டமே படிப்பைக் கேட்கிறது, படித்துத்தான் ஆக வேண்டும். (வழக்கறிஞர் வேலையில்கூட கலிஃபோர்னியா, வர்ஜீனியா, வெர்மான்ட், வாஷிங்டன் ஆகிய மாநிலங்களில் சட்டக் கல்லூரிக்குப் போகாமல் ஒரு வழக்கறிஞரிடமோ நீதிபதியிடமோ பயின்று தேர்வெழுதலாம். கேட்க நன்றாக இருக்கிறது, அந்த வழியில் போகிறவர்கள் மிகக் குறைவு.)

நாடு விட்டு நாடு போகும் எண்ணம் இருந்தால் கணக்கு இன்னும் கறார். அங்கே உங்களைத் தெரிந்தவர் யாருமில்லை, குடியேற்ற அதிகாரிக்குத் தாள் மட்டும்தான் தெரியும். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றப் புள்ளி முறையில், தனியாக விண்ணப்பிப்பவருக்குப் பள்ளிப் படிப்புக்கு 30 புள்ளி, இளநிலைப் பட்டத்துக்கு 120. அமெரிக்காவின் ஹெச்-1பி வேலை விசாவில் பட்டம் இல்லாதவர் அனுபவத்தைக் காட்டலாம், ஆனால் கல்லூரியின் ஒரு வருடத்துக்கு ஈடாக மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். நான்கு வருடப் பட்டத்துக்குப் பன்னிரண்டு வருடம். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் திருத்திய நீல அட்டை (திறமையான வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) விதிகளில் தகவல் தொழில்நுட்பத்தின் சில பணிகளுக்கு, கடைசி ஏழு வருடத்தில் மூன்று வருட அனுபவம் இருந்தால் பட்டத்துக்குப் பதிலாக ஏற்கிறார்கள். இதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் நேரத்தில் அதிகாரபூர்வத் தளத்தில் பாருங்கள்.

எந்தக் கல்லூரி என்ற கவலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். பேர்பெற்ற கல்லூரியில் சேர்ந்தவர்களும், இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தவர்களும் பின்னாளில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். விதிவிலக்கு, வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பேர்பெற்ற கல்லூரி உண்மையிலேயே தூக்கிவிட்டது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையை அறிமுகப்படுத்த அப்பாவின் நண்பர்கள் இருக்கிறார்கள். மற்றப் பிள்ளைக்குக் கல்லூரிதான் அந்த அறிமுகம்.

போன வருடம் அக்கா மகன் வந்து நின்றான். இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது, ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, படிப்பை விட்டுவிடலாம் என்று இருக்கிறான். “மாமா, நீங்களும் டிகிரி இல்லாமதானே மேல வந்தீங்க?” என்றான். அக்காவுக்கு முன்னால் அவனை ஆதரிக்க நான்தான் ஆள் என்று நம்பி வந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தில் உன்னைத் தேர்ந்தெடுத்தவர் நாளைக்கே விலகினால் உன்னை யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஒரு தாளை எடுத்து அவனையே எழுத வைத்தேன்: முடிக்க இன்னும் எத்தனை பாடம், இடைவிடுப்பு எடுக்கலாமா, எடுத்தால் எத்தனை நாள், கெடு என்ன தேதி. பாதிக்கு அவனுக்கே பதில் தெரியவில்லை. மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போய் விசாரித்து வந்தான். ஒரு வருடம்வரை இடைவிடுப்பு உண்டாம், எழுத்து மூலம் கேட்டால்.

கேட்டு வாங்கினான். வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. நன்றாகச் செய்கிறான் போலிருக்கிறது, போனில் குரலே மாறிவிட்டது. சம்பளத்தில் அவன் அம்மாவுக்குப் புது மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறான். திரும்பிப் போவானா என்று கேட்டால், “பாக்கலாம் மாமா” என்கிறான். நானும் இருபது வயதில் இதே வார்த்தையைத்தான் இதே தொனியில் சொன்னேன். விடுப்பு முடியும் தேதியை அவனிடம் சொல்லாமல் என் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு மூன்று வாரம் முன்னால் இன்னொரு குறிப்பு: ‘பையனுக்குப் போன்’.